வெட்டுத்துணிப் பாத்திகள்

உதட்டில் குண்டூசி இருக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சே வரும். எதிரே புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பவரின் தோளில் துணியை ஒதுக்கி, ஒரு ஊசியை உருவிக் குத்திவிட்டு, மிச்ச ஊசிகள் இடமும் வலமும் ஆட, "மூச்ச விடுங்க. விடுங்கன்னா விட்டுட்டு நிக்கணும், மறுபடி இழுக்கக் கூடாது. அப்புறம் வயித்துல பிடிக்குதுன்னு என்கிட்டயே வருவீங்க" என்பாள். கட்டடத்துக் குழந்தைகளுக்கு அவள் குண்டூசி அத்தை. பெரியவர்களுக்கு வெறும் குண்டூசி. அதில் அவளுக்கு வருத்தமில்லை. "சின்னப் பேருதான், ஆனா யாரும் மிதிச்சிட்டுப் போக முடியாதில்ல" என்பாள்.

இந்தப் பழக்கம் அவளுக்கு அம்மா வழியில் வந்தது. அம்மாவுக்கு இல்லை, அம்மாவின் கடைசித் தங்கைக்கு இருந்தது. அந்தச் சின்னம்மா ஒரு தடவை தும்மியபோது ஊசியை விழுங்கிவிட்டாள் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. விழுங்கவே இல்லை, அது சித்தப்பாவின் காலரில் போய் உட்கார்ந்துகொண்டது, அலறியது அவர்தான் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டையும் குண்டூசியே சொல்வாள், ஒரே மூச்சில், இரண்டும் நடந்தது போல.

கழுத்தில் அளவு நாடா தொங்கும். தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். தூரத்தைக்கூட அவள் துணியில்தான் சொல்வாள். மருந்துக் கடை எங்கே என்று கேட்டால், "அரைத் தான் துணிய விரிச்சா வந்துடும்" என்பாள். தைத்து மிஞ்சும் வெட்டுத்துணி எதையும் எறிய மாட்டாள். மிஷினுக்கு அடியில் ஒரு பெரிய கோணிப்பை. அதற்குள் வீட்டுக்கு ஒரு சின்ன முடிச்சு. டிரைவர் வீட்டுக் காக்கித் துண்டு டிரைவர் முடிச்சில், டீச்சர் வீட்டுத் திரைச்சீலைத் துண்டு டீச்சர் முடிச்சில். எதற்கு என்று கேட்டால், "நாளைக்கே கிழிஞ்சு வரும், ஒட்டுப் போட அதே துணி வேணும்ல" என்பாள்.

மூன்றாவது மாடியில் வீடு. முன்னறையில், வாசல் கதவை ஒட்டி மிஷின். காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவாள். இருட்டும்வரை அது மூடாது. ஆனால் யாரும் உள்ளே வருவதில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்றே பையை நீட்டுவார்கள்.

"உள்ளதான் வாங்களேன்."

"இருக்கட்டும்பா, அடுப்புல வச்சிட்டு வந்தேன்."

"ஏழெட்டு வருஷமா உங்க எல்லார் வீட்டு அடுப்பும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு" என்று ஒரு நாள் ஊசிகளின் இடுக்கு வழியாகச் சொல்லிவிட்டாள். வந்தவர் சிரிக்கவும் மாட்டாமல் நகரவும் மாட்டாமல், தன் கையிலிருந்த பையையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளறையில் அவள் கணவர் இருக்கிறார். அதுதான் காரணம்.

அவர் லிப்ட் மெக்கானிக். அவள் தம்பியோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். தம்பிதான் ஒரு மழை நாளில் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து, "அக்கா, இவருக்கு ஒரு பட்டன் தைச்சுக் குடு" என்றான். அந்த ஒரு பட்டனில் கல்யாணமே முடிந்தது. நகரத்தில் எத்தனையோ லிப்டுகளைப் பார்த்தவர், தான் குடியிருக்கும் கட்டடத்து லிப்டையும் அவரே பார்த்துக்கொண்டார். ஒரு மத்தியானம் இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். லிப்ட் பெட்டி மேல் மாடியில் நின்றது. ஸ்பேனர் ஒன்றை எடுக்க வீட்டுக்கு ஏறினார். கதவை அப்படியே விட்டுவிட்டு, குறுக்கே எச்சரிக்கைப் பலகையை மட்டும் நிறுத்திவிட்டுத்தான் போனார். தரை துடைக்க வந்தவர் அந்தப் பலகையை ஓரமாக நகர்த்தினார். அதே மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாவின் பிள்ளை, ஒரே பிள்ளை, போனில் பேசிக்கொண்டே அவசரமாக வந்தவன், லிப்ட் நிற்கிறதென்று காலை எடுத்து வைத்தான். கால் வைக்க அங்கே தரை இல்லை.

விசாரித்தவர்கள் அவர்மேல் மட்டும் குற்றம் இல்லையென்று விட்டுவிட்டார்கள். அவர் தன்னை விடவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு தெருவுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு ஆள் இருக்கும்போது முன்னறைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அவர் செய்யும் ஒரே வேலை, காலையில் அவள் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் வந்து மிஷினுக்கு எண்ணெய் விடுவது. தினமும் விடுவார். "மிஷின் ஓடுதா தூங்குதான்னே தெரியல, அவ்வளவு எண்ணெய்" என்று குண்டூசி சலித்துக்கொள்வாள். எண்ணெய்க் கறையோடு சட்டையை வாங்கிப் போனவர்கள் உண்டு. கறையைப் பார்த்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிப் போவார்கள். அந்தக் கட்டடத்தில் அவரைப் பற்றிய பேச்சே எழாது. இறந்தவனைப் பற்றியும் எழாது.

நர்ஸம்மா சாபம் விடவில்லை. சண்டைக்கும் வரவில்லை. தன் துணிகளைக் கொஞ்சம் தள்ளியிருந்த வேறொரு கடையில் தைக்கக் கொடுத்தார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவருடைய வெள்ளைச் சீருடை முழுவதும் குண்டூசி கையால் தைத்ததுதான். குண்டூசிக்குக் காய்ச்சல் வந்தால் நர்ஸம்மாதான் மேலே வந்து நெற்றியில் கை வைப்பார். இப்போது படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறிப் போகிறார். "நாலு வார்த்தை திட்டியிருந்தா நாங்களும் அழுது எழுந்திருப்போம்டா. அந்த அக்கா அதையும் குடுக்கலையே" என்று தம்பியிடம் மட்டும் ஒரு தரம் சொன்னாள்.

உட்கார்ந்தே இருந்ததில் கணவருடைய கால்கள் சூம்பிப் போயின. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இப்படியே உக்காந்திருந்தார்னா இனிமே எழுந்திருக்கவே மாட்டார்மா. நடக்கணும், வெயில் படணும், நாலு பேரோட இருக்கணும்" என்றார். முதல் இரண்டும்கூட முடியும் என்று குண்டூசிக்குத் தோன்றியது. அந்த நாலு பேருக்கு எங்கே போவது?

தெருவுக்குப் போவதென்றால் அந்த லிப்ட் கதவைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்ட அவரால் ஆகாது. பின்பக்கம் ஒரு இரும்புப் படி உண்டு, தீப்பிடித்தால் இறங்குவதற்கு. அதில் இறங்கினால் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடம். காலி என்று பெயர். உடைந்த கட்டில், விரிசல் விட்ட பீங்கான் தொட்டி, யாரோ வீடு மாறும்போது போட்டுவிட்டுப் போன அலமாரி, அதற்குள் ஒரு பூனைக் குடும்பம். துணி உலர்த்தப் பின்பக்கக் கொடிக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், அளவு நாடாவோடு இறங்கி அளந்தாள்.

அவள் போட்ட கணக்கு எளிது. அங்கே ஒரு தோட்டம் வந்தால் சாயங்காலம் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்து பழகிவிட்டால், ஒரு ஓரத்தில் அவரையும் கொண்டு வந்து நிறுத்திவிடலாம். மண்ணைப் பார்த்துக் குனிந்திருக்கும் இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "தக்காளி போடலாம், கீரை போடலாம், புள்ளைங்க கண்ணுக்கு நல்லது" என்றுதான் சொன்னாள்.

முதல் கதவு டிரைவருடையது. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்ந்தவர். சத்தம் போட்டுப் பேசாவிட்டால் அவருக்கே தன் பேச்சு காதில் விழாது.

"ஏன் தங்கச்சி, ஸ்டியரிங் பிடிச்ச கையில மம்பட்டியக் குடுக்கிறியே, அதுல ஹாரன் இருக்கா?"

"இல்லண்ணே. உங்களுக்கு எதுக்கு தனியா ஹாரன்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்த சிரிப்பில் டிரைவரின் கதை முடிந்தது. அன்று சாயங்காலமே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். டியூஷன் எடுக்கும் டீச்சர், தன்னிடம் படிக்கும் பிள்ளைகளோடு வந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பூனைக் குடும்பத்தை ஒரு வீடு ஏற்றுக்கொண்டது. கட்டில் போயிற்று, தொட்டி போயிற்று. யார் எவரோடு பேசாமல் இருந்தார்களோ அவர்களெல்லாம் அலமாரியின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கவேண்டி வந்தபோது, "உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றாவது பேச வேண்டியதாயிற்று.

பாத்திகளை அவள்தான் அளந்து கொடுத்தாள். துணியில் கோடு போடும் சாக்பீஸால் மண்ணில் கோடு போடப் பார்த்து, அது பொடிப்பொடியாக உதிர, எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அப்புறம்தான் கோணிப்பையைக் கீழே இறக்கினாள். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு குச்சி. குச்சியில் அந்தந்த வீட்டு வெட்டுத்துணி ஒன்று. டிரைவர் பாத்தியில் காக்கி. டீச்சர் பாத்தியில் பூப்போட்ட திரைச்சீலை. "ஐயோ, இது என் பொண்ணோட முதல் கவுனு! இன்னும் வச்சிருக்கியா?" என்று ஒருத்தி துண்டைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டாள். குழந்தைகள் எழுத்துத் தெரியாமலே தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தன. கடைசிப் பாத்தி, இரும்புப் படிக்குக் கிட்டத்தில், வெறும் குச்சியோடு இருந்தது.

"இது யாருக்கு?" என்றார் டிரைவர்.

"இருக்கட்டும்ணே."

டிரைவர் மேலே மூன்றாவது மாடியைப் பார்த்தார். பிறகு தன் மண்வெட்டியைப் பார்த்தார். சத்தக்காரரான அவர், அன்று முதல் முறையாகச் சத்தமில்லாமல் சொன்னார்: "சரி, இருக்கட்டும்."

சாயங்காலங்கள் நன்றாகப் போயின. குழாய் ஒன்றுதான், முறை வைத்துக்கொள்ளாமலே முறை வந்தது. வேலை முடிந்தும் ஆட்கள் போகாமல் குந்தியிருந்து பேசினார்கள். குண்டூசி வீட்டுக்குப் போய், "கீழ எல்லாரும் இருக்காங்க. டிரைவரண்ணன் மிளகாச் செடிக்கு உரம்னு காப்பித்தூளக் கொட்டிட்டாரு. செடி ராத்திரியெல்லாம் தூங்கலையாம்" என்று கணவரிடம் சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டு, கால்மேல் கிடக்கும் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வார். ஒரு நாள் மட்டும், "கீரைக்குத் தண்ணி தேங்கக் கூடாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் ஓட்டினாள்.

அப்போதுதான் நர்ஸம்மா வந்தார். அவர் வீட்டு ஜன்னல் தோட்டத்துக்கு நேர் மேலே. ஒரு சாயங்காலம், டூட்டி உடுப்போடு, பையை மாட்டியபடியே வந்து ஓரமாக நின்றார். பேச்சு பொசுக்கென்று நின்றது. அவர் குண்டூசியைப் பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கறது ஒரு வேலையாப் போச்சு. எனக்கு ஒரு ஓரம் கிடைக்குமா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! தங்கச்சி, அளந்து விடு!"

குண்டூசி கழுத்திலிருந்து நாடாவை உருவினாள். சுவரோரம் நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து அளந்தாள். வழக்கமான அளவைவிட ஒரு சாண் கூட விட்டாள். நர்ஸம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டு, "காலையில நாத்து கொண்டாந்து வைக்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லிப் போனார். ஆனாலும் குண்டூசி படியேறும்போது இரண்டிரண்டாகத் தாண்டினாள். இந்த அக்கா நிற்கும் மண்ணில் கணவரும் நின்றுவிட்டால் போதும். வேறு யார் நிற்காவிட்டாலும் போகட்டும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பிசகு நடந்தது. கோணிப்பையைத் துழாவி நர்ஸம்மா வீட்டு முடிச்சை எடுத்தாள். பல வருஷம் பிரிக்காத முடிச்சு. மேலாக வெள்ளைத் துண்டுகள். வெள்ளை மண்ணில் ஒரே நாளில் அழுக்காகிவிடும் என்று உள்ளே கைவிட்டு, ஒரு நீலக் கட்டம் போட்ட துண்டை உருவினாள். பளிச்சென்று நன்றாக இருந்தது. போய்க் குச்சியில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள். துண்டைப் பார்த்தால் அவளுக்கு வீடுதான் தோன்றும். எந்த வீடு என்பதோடு அவள் நினைப்பு நின்றுவிடும். அந்த வீட்டில் யார் என்று அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் ஒரு காலருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது டிரைவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். வழக்கமான வாசல்படியைக்கூடத் தாண்டி வந்துவிட்டார்.

"தங்கச்சி, அந்த நீலத் துணி யாருது?"

"நர்ஸக்கா வீட்டுது. ஏண்ணே?"

"வீட்டுதுதான். வீட்டுல யாருது?"

அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மிஷின் மேல் வைத்தாள். வேலை கிடைத்தவுடன் நர்ஸம்மாவின் பிள்ளை துணி எடுத்துக்கொண்டு வந்து, "அத்தை, கை மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும், மடிச்சு விட்டுக்கணும்" என்று நின்றது இப்போது நினைவுக்கு வந்தது. அவ்வளவு நேரமும் எங்கே போயிருந்ததோ.

"அந்தம்மா நாத்தக் கீழ வச்சாங்க. துணியப் பாத்தாங்க. அப்படியே உக்காந்து முடிச்ச அவுத்தாங்க. உன் முடிச்சுதான் தெரியுமே, லேசுல அவுருமா? நகத்தால, பல்லால... நான் கத்தரி தரட்டுமான்னேன். காதுல வாங்கல. அவுத்து, கையில பொத்திக்கிட்டு ஏறிப் போயிட்டாங்க." டிரைவருக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் அவள் மேலேயே காட்டினார். "துணி கட்டுனியா, இல்ல ஊசியக் குத்துனியா?"

உள்ளறையில் நாற்காலி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

நர்ஸம்மா அதன்பிறகு கீழே வரவில்லை. வாடிக் கிடந்த நாற்றுகளை டீச்சர் எடுத்து நட்டார். மற்றவர்களும் வரக் குறைந்தார்கள். வந்தவர்கள் தண்ணீர் ஊற்றினோம் போனோம் என்று போனார்கள். யாராவது சிரித்துவிட்டால் உடனே மேலே ஜன்னலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். குண்டூசி கையில் நாடாவோடு நர்ஸம்மாவின் கதவு வரைக்கும் போவாள். கதவில் கை வைக்காமல் திரும்புவாள். எப்படித் தொடங்குவது? தெரியாமல் கட்டிவிட்டேன் என்றால் உன் பிள்ளையை மறந்துவிட்டேன் என்று ஆகும். தெரிந்து கட்டினேன் என்றால் மனுஷியே இல்லை என்று ஆகும். தோட்டத்தில் நடப்பதை உள்ளறையில் கணவருக்குச் சொல்லுவதையும் விட்டுவிட்டாள். அவர் கேட்கவும் இல்லை. எண்ணெய் மட்டும் காலையில் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

பிறகு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான அசந்த வேளையில், வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் நர்ஸம்மா. மற்றவர்களைப் போல வாசல்படிக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. செங்கல்லைத் தாண்டி உள்ளே வந்து மிஷினுக்கு எதிரே நின்றார். கையை விரித்தார். அந்த நீலத் துண்டு, கசங்கி, வியர்வையில் நைந்து, விரல் அகலத்துக்குக் கிடந்தது.

"இதுல இன்னும் இருக்கா?"

"அக்கா, நான் வேணும்னு..."

"அதக் கேக்க வரல. இருக்கா இல்லையான்னு சொல்லு."

"அக்கா..."

"அவன் துணி ஒண்ணுகூட வீட்டுல இல்ல. அன்னைக்கு என் நாத்தனார் வந்து, கண்ணுல பட்டா அழுவேன்னு எல்லாத்தையும் மூட்டை கட்டி யாருக்கோ குடுத்து அனுப்பிட்டா. நல்லதுக்குன்னுதான் செஞ்சா. ஒண்ண விட்டுட்டுப் போடின்னு சொல்ல எனக்கு அப்ப வாய் வரல." நர்ஸம்மாவின் குரல் வார்டில் மருந்து சொல்வதுபோல ஒரே சீராக இருந்தது. "இது ரொம்பச் சின்னதா இருக்கு. கையில நிக்க மாட்டேங்குது."

குண்டூசி கோணிப்பையை அப்படியே தரையில் கவிழ்த்தாள். எந்த முடிச்சையும் பாக்கி விடாமல் அவிழ்த்தாள். கட்டடம் முழுவதும் அந்தத் தரையில் துண்டுதுண்டாகக் கிடந்தது. காக்கி, பூ, கோடு, புள்ளி. நீலக் கட்டம் இல்லை. முழங்காலில் நின்று மறுபடியும் முதலிலிருந்து தேடினாள். "இருக்கணும்க்கா, அதே துணியில நிறைய மிஞ்சிச்சு, நான் எதையும் போட மாட்டேனே" என்று சொல்லிக்கொண்டே தேடினாள்.

"இங்க இருக்கு."

உள்ளறைக் கதவில் அவர் நின்றார். ஒரு கை சுவரில். மற்றக் கையில் அவர் காலில் எப்போதும் கிடக்கும் போர்வை. முடிச்சில் அடங்காமல் மிஞ்சிய துண்டுகளையெல்லாம் ஒட்டி, எப்போதோ ஒரு குளிர் காலத்தில் அவசரமாக அவள் தைத்துக் கொடுத்தது. அதில் எதை வைத்துத் தைத்தோம் என்று அவளுக்கே நினைவில்லை.

"மூலையில இருக்கு. ரெண்டு துண்டு" என்றார் அவர். நர்ஸம்மாவைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும். அன்னைக்கு அவன் மேல பாத்தேன்ல."

அந்த மூலையில் மட்டும் துணி பளபளவென்று தேய்ந்து இருந்தது. தினமும் விரல் போய்த் தேய்த்த தேய்ப்பு. குண்டூசி அதைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் பக்கத்திலேயே படுத்திருந்தும் அவள் பார்க்காதது.

அவர் சுவரை விட்டுவிட்டு மிஷின் மேஜையைப் பிடித்தார். போர்வையை விரித்தார். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாத. ஓரம் போயிடும். நான் பிரிக்கிறேன்."

தையல் பிரிக்கும் ஊசியால், ஒரு நட்டைக் கழற்றுகிறவரின் கவனத்தோடு, ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தார். அவள் நெருக்கித் தைத்த தையல். நேரம் பிடித்தது. கால்கள் ஆடின, நாற்காலியை அவள் தள்ளிக் கொடுத்தும் உட்காரவில்லை. நர்ஸம்மாவும் உட்காரவில்லை. நூல்துணுக்குகள் தரையில் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு துண்டுகளும் பிரிந்து வந்ததும், அவர் உள்ளங்கையால் நீவி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கையை நீட்டப் போனவர் பாதியில் நிறுத்தி, மேஜைமேல் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனார். அதன் பிறகே நர்ஸம்மா முன்னால் வந்து அவற்றை எடுத்துக்கொண்டார்.

வாசல்வரை போனவர் அங்கே நின்றார். திரும்பவில்லை. செங்கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு இனிமே சாயங்காலம் தோதுப்படாது. காலையில டூட்டிக்கு முன்னாடி வந்து தண்ணி ஊத்திட்டுப் போயிடுவேன். சாயங்காலம் கீழ யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. கணவர் அப்போதுதான் உட்கார்ந்தார். போர்வையின் மூலையில் இருந்த ஓட்டை வழியாக அவருடைய முழங்கால் தெரிந்தது.

"ஒட்டுப் போட்டுத் தரேன்" என்றாள் குண்டூசி.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் இரும்புப் படியில் அவரை இறக்கினாள். அவள் முன்னால், ஒரு படி கீழே, பின்னோக்கி இறங்கினாள்; அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்தார். படி முழுவதும் அதிர்ந்தது. கீழே எல்லோருக்கும் அந்த அதிர்வு கேட்டிருக்கும். அவர் மண்ணில் கால் வைத்தார். ஒருத்தி தன் குழந்தையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். டீச்சர், பிடுங்கிய களையையே மறுபடி பிடுங்கினார்.

டிரைவர்தான் தொண்டையைச் செருமினார். "வாங்க, வாங்க. படிக்கிட்ட ஒரு பாத்தி சும்மா கெடக்குது பாருங்க. வாடகைக்கு ஆள் இல்ல." யாரும் சிரிக்கவில்லை. அவரே ஹஹ்ஹா என்று ஒரு சிரிப்பைப் போட்டு, அதை நடுவிலேயே விழுங்கிக்கொண்டார். ஆனாலும் யாரோ ஒருவர் வழியில் கிடந்த வாளியை நகர்த்தி வைத்தார். வேறொருவர் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ரப்பர் குழாயை அவர் காலடிப் பக்கமாகத் திருப்பிப் போட்டார். அவர் குனிந்து எடுத்தார். குச்சி மட்டும் நட்ட வெறும் மண்ணில், ஓரத்திலிருந்து ஆரம்பித்து, தேங்காதபடி மெல்ல நனைத்தார். வெயிலைப் பார்த்துப் பழக்கம் விட்டுப்போன முகம் சுருங்கி, கண்ணில் நீர் வந்தது. சுவரோரம் நர்ஸம்மாவின் பாத்தி காலையில் ஊற்றிய ஈரத்தோடு இருந்தது. அதன் பக்கம் அவர் போகவில்லை.

குண்டூசிதான் முதலில் பார்த்தாள். மேலே அந்த ஜன்னலில் நர்ஸம்மா நின்றார். தனக்குத் தெரியாது என்று சொன்னவர் நின்றார். எவ்வளவு நேரமாகவோ. அவர் முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. பிறகு ஒரு கை வந்து ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தியது. சத்தம் வரக்கூடாதென்று மெதுவாக. மற்றக் கதவும் மெல்ல நகர ஆரம்பித்தது.

கீழே அவர் முதுகை நிமிர்த்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்கப் போனார்.

அவள் உரக்குழி மேல் கிடந்த ஈரச் சாக்கை வெடுக்கென்று இழுத்தாள். ஒரு உதறு உதறி, அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அகல விரித்துப் பிடித்தாள். அழுக்குத் தண்ணீர் அவள் முழங்கை வழியாக வடிந்து சட்டைக்குள் இறங்கியது.

"என்ன பண்ற?"

"காயட்டும்னு."

"வெயில்தான் போயிடுச்சே."

"பரவால்ல. நீங்க ஊத்துங்க."

அவர் குனிந்து ஊற்றினார். சாக்கின் கனத்தில் கைகள் தாழத் தாழ அவள் மறுபடி தூக்கிப் பிடித்தாள். மேலே தாழ்ப்பாள் விழும் சத்தம் வரும்வரை அவள் அதைக் கீழே இறக்கவில்லை.